பார்க்கும் உரிமையைத் துறக்கிறேன்

முதல் கேள்வி பெயர்.
புருல் என்று தட்டினேன்.
தந்தை பெயரைத் தட்டி முடிப்பதற்குள்
நாரின் நகரம் முழுக்க மின்சாரம் போனது.

வெளிச்சம் திரும்பியபோது
படிவம் என்னை மறந்திருந்தது.
மறுபடியும் பெயர், மறுபடியும் தந்தை.
பிறந்த ஆண்டைத் தேடி
விரலால் பட்டியலில் இறங்கிக்கொண்டே போனேன்.
ஒரு நாடு கலைந்து இன்னொரு நாடு பிறந்த வருடம்
மேலே ஏறி மறைந்தது.
இன்னும் இறங்க வேண்டியிருந்தது.

கல்வியியலில் முதுகலை. இரண்டு ஆண்டு.
பிஷ்கெக்கில் விடுதி உண்டு.
தோலோன் கணவாயைப் பனி அடைக்காவிட்டால்
காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேரலாம்.

யெகாதெரின்பர்கில் டாக்சி ஓட்டும் மக்சாத்திடம்
தொலைபேசியில் சொன்னேன்.
சம்பளம் கூடுமா என்றார்.
கூடும், ஆயிரத்து இருநூறு சோம்.
அவர் பக்கம் வைப்பர் அசையும் சத்தம் மட்டும்.
"ஒரு டயர்கூட வராதே அதற்கு."
மறுநாள் விண்ணப்பக் கட்டணம் வந்தது.
பணத்தோடு வந்த குறிப்பில்
ஒரே சொல்: டயர்.

உங்கள் நோக்கத்தை ஐந்நூறு சொற்களில் எழுதுக.

'சிறு வயது முதலே ஆசிரியராக வேண்டும்' என்று தொடங்கினேன்.
பொய். சிறு வயதில் நான் லாரி ஓட்ட விரும்பினேன்.
அழித்தேன்.
'கல்வி என்பது ஓர் ஒளிவிளக்கு' என்றேன்.
பிள்ளைகளின் கட்டுரையில் இந்த வரி வந்தால்
இருபத்துமூன்று வருடமாகச்
சிவப்பு மையில் கோடு போடுகிறவள் நான்.
அழித்தேன்.

பிறகு இப்படி எழுதினேன்:
பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க
தலைகீழாக்கிப் பெருக்கச் சொல்கிறேன்.
ஏன் தலைகீழாக்க வேண்டும் என்றாள்
ஏழாம் வகுப்பு மீரிம்.
ஏன் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாவது முறை
எனக்காக அவள் புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்து மூன்று சொல்.
மிச்சத்துக்கு என்ன இருக்கிறது?
அந்தத் தலையாட்டலை இன்னொரு முறை எழுதலாமா?

பரிந்துரைக் கடிதம்
மேலதிகாரியிடமிருந்து வர வேண்டுமாம்.
என் மேலதிகாரி தலாய்பெக்.
தலைமையாசிரியர், முப்பத்தாறு வயது, கழுத்தில் டை.
ஏழாம் வகுப்பில்
நான் வடிவியலில் 'இரண்டு' போட்ட பையன்.
எங்கள் ஊரில் ஐந்துதான் உச்சம்.
இரண்டு என்றால்
வீட்டுக்கு நேர்வழியில் போக முடியாத எண்.

இவரை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக
என்று அவனுக்குப் போயிருக்கிறது ஒரு படிவம்.
எனக்கு வந்ததில் ஒரு கட்டம்:
கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறக்கிறேன்.
டிக் செய்தேன்.
துறக்காதவர்களை அவர்கள் நம்புவதில்லை போலும்.

கடைசி நாள். அவன் அறையில்
கணினியைத் தெரியவைக்க மட்டும்தான் வந்தேன்.
ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக மேய்ந்தான்.
"எஜே, இங்கே எண்ணா, டிக்கா?"
எண் என்றேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.
சுவரில் வெந்நீர்க் குழாய்.
மேலே காய்வதற்கு யாரோ வைத்த ஒற்றைக் கையுறை.

"எஜே."
"ம்."
"அன்றைக்கு எனக்கு இரண்டு போட்டது சரிதானா?"

கொஞ்சம் யோசித்திருக்கலாம்.
நள்ளிரவோடு மூடுகிறது வாசல்.
சரிதான் என்றேன்.
முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டி
இருநூறு பாகை கொண்டுவந்தாய் நீ.

நாற்காலி கிரீச்சிட்டது.
சிரித்தானா, மூச்சு விட்டானா, தெரியாது.
முதுகுக்குப் பின்னால்
விசை ஒன்று ஒருமுறை தட்டப்பட்டது.

ஒன்றுக்கும் ஐந்துக்கும்
ஒரே சத்தம்தான்.